கத்தியும் கணக்கும்

பிர்தௌஸி 1010-இல் நிறைவு செய்த ‘ஷாஹ்நாமா’ காவியத்தில், தாயின் விலாவைக் கீறி ருஸ்தமை வெளியே எடுக்கின்றனர், தாயும் பிழைக்கிறாள். அன்றைய காவியக் கற்பனை இன்று அன்றாட நிகழ்ச்சி. எந்த வட்டாரத்திலும் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் அறுவைப் பிரசவத்திற்கு நியாயமில்லை என 1985-இல் உலக சுகாதார நிறுவனம் உரைத்தது. தமிழகத்து அரசு மருத்துவமனைகளிலேயே அது நூற்றுக்கு 36 என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு.

எண்ணிக்கை மட்டும் நீதி சொல்லாது. தேவையுள்ள தாய்க்குக் கத்தியை மறுப்பதும் கொடுமை. தேவையற்றவளைக் கீறுவதும் கொடுமை. எனவேதான் தலைப்பிரசவமா, முன்பு அறுவை நடந்ததா, சிசுவின் கிடை எத்தகையது எனத் தாய்மாரைப் பத்துப் பிரிவாக்கி எண்ணும் ராப்சன் முறையை 2015-இல் அந்நிறுவனம் பரிந்துரைத்தது.

மருத்துவர் கையில் தாய் ஓர் அமானிதம். அமானிதத்திற்குக் கேள்வி கணக்கு உண்டென்பதை நாம் அறிவோமன்றோ!