கல் பங்களாவில் ஒரு பட்டம்

காந்தலிலிருந்து உதகை நகரைக் கடந்து நடந்தால் ஸ்டோன் ஹவுஸ் குன்று. சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அங்கே இருக்கிறது. அதன் வளாகத்தில் 1955-இல் அரசு கலைக்கல்லூரி வந்தது.

அறிவியல் பட்டமென்றாலும் பல்கலைக்கழக விதி அதை மூன்றாகப் பிரித்தது: முதற்பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவதில் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். துணைப்பாடச் சுமையை முதலிரண்டு ஆண்டுகளிலேயே இறக்கிவைப்பது நல்ல திட்டம். ஆனால் இயற்பியலில் முதல் வகுப்பு பெற்றவரும் ஆங்கிலத் தாளில் தங்கிவிட்டால் பட்டதாரி அல்லர். வீட்டில் படுகு பேசி வளர்ந்தவருக்கு இரு பகுதிகளுமே வேற்றுமொழி என்பதை விதி கண்டுகொள்ளவில்லை. நமக்கு இது உறுத்துகிறது.

1978-இல் புகுமுக வகுப்பின் இடத்தில் மேல்நிலைப் பள்ளி வந்தது. பின்னர் கல்லூரி, 1982-இல் தோன்றிய பாரதியார் பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தது. காலப்போக்கில் பகுதிகள் ஐந்தாகின. சுற்றுச்சூழல் கல்வியும் நாட்டு நலப்பணியும் சேர்ந்தன. ஆங்கிலத் தாள் அப்படியே நிற்கிறது.