சினிமா அலுமாரியில் எங்கட இசைக்காரர்கள்

கடுகண்ணாவையில் வெசாக் காலத்தில் கேட்கும் பௌத்த பக்திப் பாடல்களில் ஒரு குரல் மொஹிதீன் பேக்குடையது என்று வாப்பா சொன்னபோது, சிறுவனான நான் நம்பவில்லை.

ஆசிரியனான பிறகு, முஸ்லிம் இசைக் கலைஞர்களைத் தேடிப் பொது நூலகத்துக்குப் போனேன். இஸ்லாமியத் தமிழிலக்கிய அலுமாரியில் புலவர்கள்தான். கண்டிப் பக்கத்து அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் இருந்தார். பாடகர் ஒருவரும் இல்லை. "சிங்கள சினிமாப் பக்கம் பாருங்க சேர்" என்றார் நூலகர். அங்கேதான் இருந்தாங்க!

பேக் 1919இல் சேலத்தில் பிறந்தவர். 1930களில் இலங்கை வந்து இசைத்தட்டுகளில் பாடத் தொடங்கினார், 1991இல் காலமானார். சிங்களத் திரை பிறந்த 1947இலேயே வெளிவந்த 'அசோகமாலா'வுக்கு இசையமைத்தவர் முகம்மது கவுஸ் மாஸ்டர். பின்னாளில் அமரதேவ என்று நாடறிந்த அல்பர்ட் பெரேராவைத் திரையிசைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இதை எத்தனை முஸ்லிம் ஆசிரியர்கள் அறிவோம்?

இசை கூடுமா கூடாதா என்பது எங்களிடையே பழைய விவாதம். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆனால் அந்தக் கூச்சத்தில் நாங்கள் எழுதாமல் விட்டவர்களை மற்றவர்கள் எழுதி வைத்தார்கள். சினிமாவுக்குப் போனதால் பேக்கும் கவுஸும் தப்பினார்கள். கல்யாண வீட்டில் றபான் அடித்தவர், பைத் படித்தவர் எந்த அலுமாரியில் இருப்பார்?

இப்போது என் மாணவர்கள் வயதானவர்களிடம் பெயர், ஊர், காலம் கேட்டு எழுதுறாங்க. கோப்பு நிறைந்ததும் அதே நூலகத்தில் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். எந்த அலுமாரியில் வைப்பதென்று நூலகர் இப்பவே யோசிக்கிறார்.