போன்சாய் மண்ணுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா? ஸ்ரீரங்கத்துத் தெருவிலேயே கிடைக்குதே!

போன்சாய் வளர்க்கலாம்னு முடிவு பண்ணி யூடியூபைத் திறந்தால், முதல் வீடியோவிலேயே 'அகடாமா' என்று ஆரம்பிப்பார்கள். ஜப்பானில் வெட்டியெடுக்கும் எரிமலைச் சாம்பல் களிமண் அது. தேவையான ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத் தண்ணீரை விட்டுவிடும். நல்ல பொருள்தான், ஆனால் கப்பலேறி வருவதால் செடியின் விலையைவிட மண்ணின் விலை எகிறிவிடும். இரண்டு வயசு ஆலங்கன்றுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அது செய்யும் வேலையைச் செய்ய, உங்க தெருவில் வீடு இடிக்கிற இடத்திலேயே பொருள் குவிந்து கிடக்கிறது.

சரி, காவிரி வண்டலே இருக்கே என்பீர்கள். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. வாழையும் நெல்லும் செழிக்கிற மண். ஆனால் நிலத்துக்கு நல்ல மண், மூன்று அங்குல ஆழத் தட்டுக்கு எமன். நுண்ணிய துகள்கள் இறுகி, அடியில் சேறு நின்று வேர் அழுகும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். திருச்சியின் மணிகண்டம் பக்கம் சில இடங்களில் களர் மண். அது இன்னும் மோசம்.

இதைப் புரிஞ்சுக்க ஒரு சின்ன சோதனை. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும்! உயரம் குறைந்தால் தண்ணீர் வடியாமல் தேங்கும் என்பதுதான் விஷயம். அதனால்தான் ஆழமில்லாத போன்சாய் தட்டுக்குப் பொடி மண் ஆகாது, பருக்கையான கலவை வேணும். 'அடியில் கல் போட்டால் சரியாகிவிடும்' என்பதும் சரியில்லை. தண்ணீர் கல்லுக்கு மேலே, மண்ணிலேயே நிற்கும்.

இப்போ நம்ம அகடாமாவுக்கு வருவோம். உடைந்த செங்கல் அல்லது பழைய நாட்டு ஓடு. சுத்தியலால் தட்டி, 3 முதல் 6 மில்லிமீட்டர் சில்லுகளாகச் சலித்து எடுங்கள். சுட்ட மண் என்பதால் துளைகளில் ஈரம் தங்கும். தட்டும்போது மாஸ்க் கட்டாயம். தூசி நுரையீரலுக்கு ஆகாது. சில்லுகளை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் சேறாகக் கரைந்திருந்தால் அது சரியாக வேகாத கல், தூக்கிப் போடுங்கள். சிமென்ட், சுண்ணாம்புக் காரை ஒட்டிய துண்டும் வேண்டாம். சந்தேகம் வந்தால் அதன்மேல் வினிகர் இரண்டு சொட்டு. நுரைத்தால் காரை இருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது பருமணல். தயவுசெய்து சாக்கைத் தூக்கிக்கொண்டு கொள்ளிடத்துக்குப் போகாதீங்க. அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம் என்பது ஒரு பக்கம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தபோது, மணல் கொள்ளையும் காரணம் என்று ஊரே பேசியதே! பூச்சு வேலைக்கு மணல் சலிக்கும் கொத்தனாரிடம் கேளுங்கள். சல்லடையில் மிஞ்சும் சரளையைக் குப்பையில்தான் கொட்டுவார். நமக்கு அதுதான் தங்கம். எம்-சாண்ட் என்றால் தூசி போக நாலு தண்ணி அலசணும்.

மூன்றாவது, தேங்காய் நார்க்கழிவு. உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டே சேர்க்க வேண்டும். கூடவே நன்றாக மக்கிய மண்புழு உரம். பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும், அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆல், அரசு, இச்சி கன்றுகளுக்கு நான் சொல்லும் அளவு: செங்கல் சில்லு 2 பங்கு, பருமணல் 1, நார்க்கழிவும் மண்புழு உரமும் சேர்ந்து 1. மொட்டைமாடியில் நாள் முழுக்க வெயில் என்றால் நார்க்கழிவை இன்னும் அரைப் பங்கு ஏற்றலாம். திருச்சி கோடையில் 40 டிகிரி தாண்டும்போது சில்லு மட்டும் தாங்காது. அடீனியம், ஜேட் மாதிரி தண்ணீரைச் சேமிக்கிற செடிக்கு நேர்மாறு: சில்லும் மணலும் 4, உரம் 1, நார்க்கழிவே வேண்டாம். ஸ்ரீரங்கத்தின் தலவிருட்சமான புன்னையையோ, திருவானைக்காவலின் நாவலையோ முயற்சி பண்ண ஆசையா? முதல் கலவையே போதும்.

இளங்கன்றை உடனே அழகுத் தட்டில் வைக்கத் துடிக்காதீங்க. தண்டு பருக்க வேர் ஓடணும். அதனால் முதல் இரண்டு மூன்று வருஷம், துளை போட்ட பழைய பெயின்ட் வாளி போதும். நர்சரியில் வாங்கிய கன்று செம்மண் உருண்டையோடு வரும். அதை ஒரே நாளில் முழுக்கக் கழுவினால் அதிர்ச்சியில் இலை கொட்டும். பாதியை இந்த முறை, மீதியை அடுத்த முறை எடுக்கலாம்.

கத்திரி வெயிலில் மாற்ற வேண்டாம். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்போது, புதுசாக நட்ட கன்று எம்மாத்திரம்? அந்த மாசத்தில் மாற்றினால் கம்பியால் கட்டி நிழலில் வையுங்கள். தண்ணீர் ஊற்ற நேரம் பார்க்க, விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டாலே தெரிந்துவிடும். போர் தண்ணீர் ஊற்றி மேலே வெள்ளைப் படிவு தெரிந்தால், அடுத்த மழையில் தொட்டியை வெளியே வைத்து நன்றாக நனைய விடுங்கள்.