பரிசிலும் விலையும்

புலமையும் வறுமையும் உடன்பிறந்தவை என்று கூறுவது நம்மிடையே வழக்கு. கவிஞன் பசித்திருப்பதை இயற்கை நியதியென ஏற்றுக்கொண்டு, அவன் மறைந்த பின் சிலை எழுப்பி ஆறுதலடையும் மனப்பான்மையும் அவ்வழக்கோடு சேர்ந்தே வளர்ந்துள்ளது. ஆயின், கவிதைக்கு யார், எதற்காக, எம்முறையிற் பொருள் கொடுத்தனர் என்பது அவ்வக்காலச் சமுதாய அமைப்பைப் பொறுத்ததாகும். அதனை ஆராயுமிடத்து, கவிஞனின் வறுமைக்கும் ஒரு வரலாறு உண்டென்பது புலனாகும்.

சங்கச் செய்யுட்களிலே பாணரும் பொருநரும் புலவரும் மன்னரையும் குறுநிலத் தலைவரையும் நாடிச் செல்கின்றனர். பரிசில் பெற்று மீள்பவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை இவ்வாழ்க்கையிலிருந்தே பிறந்தது. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் பரிசில்களைக் கணக்கிட்டுக் கூறுகின்றன. ஏழாம் பத்தைப் பாடிய கபிலருக்கு நூறாயிரம் காணமும், நன்றா என்னும் குன்றின்மேல் நின்று கண்ட நாடும் கிடைத்தனவாம். இப்பதிகங்கள் பிற்காலத்தவை; தொகைகளை அவ்வாறே நம்பவேண்டியதில்லை. எனினும் அவை ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. கொடுக்கப்பட்ட பொருள் பாட்டின் விலையாகக் கருதப்படவில்லை. கொடுத்தவனது பெருமையின் அளவாகவே கருதப்பட்டது.

இதிலுள்ள கசப்பை அக்காலப் புலவரே உணர்ந்திருந்தனர். அதியமான் தம்மை நேரிற் காணாமல் அனுப்பிய பரிசிலை, தாம் வணிகரல்லர் என்று கூறி ஏற்க மறுத்தார் பெருஞ்சித்திரனார். அம்மறுப்பின் பெருமிதம் போற்றத்தக்கது. ஆயினும் புலவருக்கு இருந்தது மறுக்கும் உரிமை மட்டுமே. தம் உழைப்புக்கு ஈடு கேட்கும் உரிமை அன்று.

முடியரசர் மறைந்த பின்னர், ஜமீன்தார்களும் ஆதீனங்களும் அவர்தம் இடத்தைப் பெற்றனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஊர்தோறும் வேண்டுகோளுக்கிணங்கித் தலபுராணங்கள் பாடினார். அரங்கேற்றத்தின் முடிவிற் பொருள் வழங்கப்பட்டது. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும் அவருக்கிருந்தது. அத்தகைய பெரும்புலவரும் கடன் தொல்லையால் வருந்தியதை அவர் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் பதிவுசெய்துள்ளார். எதைப் பாடுவதென்பதைப் பெரும்பாலும் பொருள் கொடுத்தவரே தீர்மானித்தனர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இப்பழைய முறையையும் அச்சு யுகத்தின் புதிய முறையையும் தம் வாழ்விலேயே சோதித்துப் பார்த்தவர் பாரதியார். எட்டயபுரம் ஜமீனிற் பணிபுரிந்த அவர், 1904இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். அன்று தொடக்கம் அவருக்குச் சோறிட்டது பெரும்பாலும் பத்திரிகைத் தொழிலே, கவிதையன்று. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய பாடல்கள் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். பாடல்களுக்கு மக்களிடையே இடமுண்டு என்பதை அது காட்டியது. ஆனால், பாடியவருக்கு அதனால் நிலையான வருவாய் ஏற்படவில்லை.

பத்தாண்டுப் புதுவை வாழ்வின் பின் 1918இல் பிரித்தானிய எல்லைக்குள் நுழைந்ததும் அவர் சிறைப்பட்டார். எழுதுவனவற்றைப் பொலிசாரிடம் காட்டி அனுமதி பெற்றே வெளியிடவேண்டும் என்பது விடுதலையின் நிபந்தனைகளில் ஒன்று. கடையத்தில் வறுமையோடு வாழ்ந்த அக்காலத்தில் அவர் எழுதிய இருவகை மடல்கள் நமது ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானவை.

முதலாவது, 1919 மே மாதத்தில் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அனுப்பிய சீட்டுக்கவிகள். தம் பாட்டைக் கேட்டு, பண்டை முறைப்படி சிறப்புச் செய்யுமாறு அவற்றிலே கேட்டார். பயனில்லை. இரண்டாவது, 1920இல் நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றுக்கடிதம். தம் எழுத்துகளை 40 நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடும் திட்டத்தை அதில் விளக்கினார். மொத்தம் 4 இலட்சம் பிரதிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல அவை வீடுதோறும் செல்லும் என நம்பினார். அதற்கு வேண்டிய முதலை நன்கொடையாகவன்றி, வட்டியோடு திருப்பித் தரும் கடனாகவே கேட்டார்.

ஒன்று பரிசில் கேட்கும் மடல். மற்றது விலை கேட்கும் மடல். முன்னதிற் கவிஞன் வள்ளலின் வாயிலில் நிற்கிறான். பின்னதில், தன் உழைப்பின் பயனை மக்களுக்கு விற்று வாழ விரும்பும் உழைப்பாளியாக நிமிர்கிறான். இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் ஓராண்டளவே. எனினும் இரண்டாயிரம் ஆண்டு மரபிலிருந்து விலகிவைத்த அடி அது.

அத்திட்டமும் நிறைவேறவில்லை. அதனைக் கவிஞரின் உலகியல் அறியாமை என்று நகைப்பவர் உளர். கணக்கிற் குறையில்லை, சமுதாயத்திலேயே குறையிருந்தது. மிகப் பெரும்பான்மையான மக்களுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தது. கற்றவரிற் பலர் ஆங்கில நூலையே நூலென மதித்தனர். ஏகாதிபத்தியத்தின் கண்காணிப்போ அச்சகத்தின் வாயில்வரை வந்து நின்றது. மீண்டும் சுதேசமித்திரனிற் சேர்ந்த பாரதியார், 1921 செப்டெம்பரில், 39 வயது நிரம்புமுன்னரே காலமானார்.

அவர் கனவு கண்ட சந்தை பின்னர் உருவாகியது. பயன் பிறரைச் சேர்ந்தது. 1931இல் நூல்களின் பதிப்புரிமை பாரதி பிரசுராலயத்துக்கு 4,000 ரூபாவுக்குக் கைமாறியது. இசைத்தட்டு, திரைப்பட உரிமையும் வணிகப் பண்டமாகி, ஈற்றில் ஏவி. மெய்யப்பன் கைக்கு வந்தது. 1947இல் வெளிவந்த நாம் இருவர் திரைப்படம் பாரதி பாடல்களாற் புகழ்பெற்றது. பாடல்கள் பொதுவுடைமையாதல் வேண்டும் என்று எழுத்தாளர் எழுப்பிய குரலின் பயனாக, 1949இல் சென்னை அரசாங்கம் உரிமைகளைப் பெற்றது. மெய்யப்பன் தம் உரிமையை விலையின்றி அளித்தார். செல்லம்மாவுக்கும் புதல்வியர் இருவருக்கும் தலைக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது.

நமது நாட்டு நிலையை நோக்குவோம். நீலாவணனும் பசுபதியும் ஆசிரியர். மஹாகவி அரசாங்க ஊழியர். சம்பளமே அவர்தம் புரவலன். அதனால், எவர் வாயிலிலும் நில்லாமல் எழுத முடிந்தமை ஒரு பேறுதான். ஆனால், நாள் முழுவதும் பிற பணியில் உழைத்தவன் எஞ்சிய இரவிலே பாடினான் என்பதையும் மறத்தலாகாது.

பரிசில் முறையும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. கவிஞன் கடன்பட்டுத் தன் நூலை அச்சிடுகிறான். வெளியீட்டு விழாவிலே வர்த்தகப் பிரமுகர் ஒருவர் முதற்பிரதியைப் பெற்று, உறையொன்றிற் பணம் வைத்துக் கொடுக்கிறார். சபை கைதட்டுகிறது. உறையிலுள்ள தொகை அவரது பெருமையின் அளவு, நூலின் விலையன்று. அவர் அதனைப் படிப்பாரா என்று எவரும் கேட்பதில்லை. அச்சகக் கடனில் ஒரு பகுதி தீர்வதால், கவிஞனும் வாய்திறப்பதில்லை.

இம்முறையை வசைபாடுவதால் மட்டும் அது ஒழியாது. வள்ளலின் இடத்தை வாசகர் கூட்டம் ஏற்றாலன்றிக் கவிஞன் அவ்வாயிலை விட்டு விலக முடியாது. பாடசாலை நூலகங்களுக்குக் கவிதை நூல்களை விலைகொடுத்து வாங்குவித்தலும், மாணவர் சேர்ந்து வாசிப்பு வட்டங்கள் அமைத்தலும், விழா மண்டபத்தின் வாயிலில் குறித்த விலையைக் கொடுத்து ஒரு பிரதி வாங்குதலும் ஆசிரியராகிய நம்மால் இயலாதன அல்ல. 1920ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு வாசகர் தரவேண்டிய மறுமொழி இன்னும் நிலுவையில் உள்ளது.