படத்துக்குப் பின்னால் ஒரு வரி

1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் இணையப் பக்கத்தில் படம் போட ஒரு குறியீட்டை முன்மொழிந்தார். படக்கோப்பு எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும், அவ்ளோதான். பார்க்க முடியாதவருக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. படத்துக்கு மாற்றாக எழுதும் 'ஆல்ட்' வரி 1995இல் எச்டிஎம்எல் 2.0 தரத்தில் வந்தது. எழுதினாலும் சரி, விட்டாலும் சரி. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4 அதைக் கட்டாயமாக்கியது. ஆனா யாரு கேட்டாங்க?

சிட்னியில் புரூஸ் மகுவைர் கேட்டார். பார்வையற்றவர், பிரெயில் கருவியால் இணையத்தை வாசிப்பவர். 2000 ஒலிம்பிக் தளத்தின் படங்கள் பலவற்றில் ஆல்ட் வரி இல்லை என்று 1999இல் புகார் கொடுத்தார். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒலிம்பிக் அமைப்புக் குழு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

2001இல் கூகுள் படத் தேடல் வந்தது. தேடுபொறியும் இந்த வரியைப் படிக்கும் என்று தெரிந்ததும், "மலிவு செருப்பு, நல்ல செருப்பு, செருப்பு வாங்க" என்று திணிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்: மனிதர் கேட்டபோது காலியாக இருந்த இடம், வியாபாரம் வந்ததும் நிரம்பி வழிந்தது. அந்தச் செருப்புப் புலம்பலைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவர் மகுவைர் போன்ற ஒருவர்தான்.

போனில் நண்பரிடம் சொல்வதுபோல, படத்தில் இருப்பதை ஒரே வரியில் எழுதலாம். தேடுபொறிக்கும் அது போதும்.