பாரியாஸ்

பாரியாஸ் என்பது, 11ஆம் நூற்றாண்டு ஐபீரியத் தீபகற்பத்தில் வடபுலக் கிறித்தவ அரசர்கள் தெற்கிலும் கிழக்கிலும் இருந்த முஸ்லிம் சிற்றரசுகளிடம் பெரும்பாலும் பொன்னாகப் பெற்றுவந்த திறையாகும். 929இல் நிறுவப்பட்ட கோர்தோபா கலீபகம் உள்நாட்டுப் போரால் சிதைந்து 1031இல் மறைந்தபின், செவில்லா, டொலேடோ, சரகோசா, படாஹோஸ், கிரனாடா முதலிய நகரங்களைத் தலைமையிடமாகக் கொண்ட தாயிஃபாக்கள், அதாவது தனித்தனிச் சிற்றரசுகள், எழுந்தன. சகாரா வணிகவழி வந்த பொன் இவற்றிடம் இருந்தது. போதிய படை இல்லை. வடக்கில் குதிரைப்படை மிகுந்திருந்தபோதிலும், வென்ற நிலத்தில் குடியேற்றப் போதிய மக்கள் இல்லாமையால், ஊர்களைப் பிடிப்பதைவிடத் திறை பெற்றுக் காவலளிப்பதே அங்கிருந்த அரசர்களுக்கு ஆதாயமாக இருந்தது.

லெயோன்–காஸ்டில் அரசர் முதலாம் ஃபெர்னாண்டோ 1065இல் இறந்தபோது, மூன்று மகன்களுக்கு நாட்டோடு திறை பெறும் உரிமையும் பங்காகச் சென்றது: சரகோசா சாஞ்சோவுக்கும், டொலேடோ ஆறாம் அல்ஃபோன்சோவுக்கும், படாஹோஸும் செவில்லாவும் கார்சியாவுக்கும் உரியவையாயின. இப்பொன்னின் ஒரு பகுதி பிரான்சின் குளூனி மடத்துக்குக் காணிக்கையாகவும் சென்றது. திறை கட்டியவர் காவலுக்கும் உரியவர் என்பதால், இக்காலப் போர்களைச் சமயப் பகை ஒன்றாலேயே விளக்குதல் பொருந்தாது. நாடுகடத்தப்பட்ட காஸ்டில் வீரர் எல் சித், சரகோசாவின் முஸ்லிம் அரசருக்குப் படை நடத்தி, 1082இல் அல்மெனாரில் கிறித்தவரான பார்சலோனாக் கோமகனைச் சிறைப்பிடித்தது இதற்குத் தக்க சான்று.

திறையின் சுமை இறுதியில் குடிகள்மீதே விழுந்தது. இசுலாமியச் சட்டம் ஏற்காத வரிகள் விதிக்கப்பட்டன. சட்ட அறிஞர்கள் அவற்றைக் கண்டித்தனர். கிரனாடாவின் கடைசி சீரித் அரசர் அப்துல்லா, பின்னர் மொராக்கோவின் ஆக்மாத்தில் எழுதிய தன்வரலாற்றில், பொன்னைக் கறந்து தாயிஃபாக்களைத் தளரச்செய்து பின் எளிதில் கைக்கொள்வதே ஆறாம் அல்ஃபோன்சோவின் நோக்கம் எனப் பதிவுசெய்துள்ளார். தோற்றவரின் கூற்றாயினும், 1085இல் டொலேடோ அவ்வரசரிடம் பணிந்த முறை அதனை உறுதிப்படுத்துகிறது.

அவ்வீழ்ச்சியால் அஞ்சிய செவில்லா அரசர் அல்-முஃதமித் முதலியோர் வட ஆப்பிரிக்க அல்மொராவித்துகளை அழைக்க, அவர்களின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷுஃபீன் 1086 அக்டோபரில் சல்லாக்காவில் அல்ஃபோன்சோவை முறியடித்தார். சட்டத்துக்குப் புறம்பான வரிகளை ஒழிப்பதாகக் கூறிய அவர், 1090இல் கிரனாடாவையும், அடுத்த ஆண்டு அவர் படைகள் தம்மை அழைத்தவரின் செவில்லாவையும் கைப்பற்றியதால், தாயிஃபாக்களின் திறை பெரும்பாலும் நின்றது.

எனினும் இம்முறை முற்றிலும் அழியவில்லை. 1246இல் ஹாயெனில் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, கிரனாடாவின் நஸ்ரித் அரசர் முதலாம் முகம்மது, காஸ்டில் அரசர் மூன்றாம் ஃபெர்னாண்டோவுக்குத் திறை கட்ட இசைந்ததோடு, 1248இல் வீழ்ந்த முஸ்லிம் நகரமான செவில்லாவின் முற்றுகைக்குத் தம் வீரர்களையும் அனுப்பினார்.