கரண்டி பிடித்த கைகள்

அமெரிக்காவில் 1882-ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. சீனத் தொழிலாளர் இனி அந்த மண்ணில் கால் வைக்கலாகாது என்பது அதன் சாரம். மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிற வரைக்கும் சீனர் வேண்டியிருந்தார்கள். பிறகு கசந்து போனார்கள். அந்தச் சட்டம் ஒழிய 1943 வரை ஆயிற்று. அப்போதும் அனுமதி எத்தனை பேருக்கு? ஆண்டுக்கு 105! கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக் காணுமா, சொல்லுங்கள்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வியாபாரிகள் வரலாம். ஹோட்டல்காரரும் வியாபாரியே என்று 1915-இல் ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஊருக்கு ஊர் சீனர்கள் கரண்டி பிடித்தார்கள். அந்நாட்டுச் சீனச் சாப்பாட்டை நான் வெறும் வயிற்றுச் சமாசாரமாக நினைக்காததற்கு இதுவே காரணம்.

பாண்டா எக்ஸ்பிரஸ் கதைக்கு வருகிறேன். மிங்-சாய் செர்ங் என்பவர் சீனாவில் யாங்ஜோ நகரத்துச் சமையற்காரர். தைவான், ஜப்பான் என்று கரண்டியும் கையுமாக நாடு மாறியவர். மகன் ஆண்ட்ரூ 1966-இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். 1973-இல் தந்தையும் மகனும் கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 'பாண்டா இன்' என்ற ஹோட்டலைத் திறந்தார்கள். ஆற அமர உட்கார்ந்து சாப்பிடும் இடம். 1983-இல் பக்கத்துக் கிளெண்டேல் நகரின் பெரிய கடைத்தொகுதியில் அதற்குக் குட்டியாகப் பிறந்தது பாண்டா எக்ஸ்பிரஸ். இங்கே ஆற அமர என்ற பேச்சே இல்லை. பண்டங்கள் கண்ணாடிக்குப் பின்னால் சூடாகக் காத்திருக்கும். விரலால் காட்டினால் சோற்றோடோ நூடுல்ஸோடோ அள்ளி வைத்துவிடுவார்கள்.

இக்கதையில் என் மனத்தைக் கவர்ந்த பாத்திரம் ஆண்ட்ரூவின் மனைவி பெக்கிதான். பர்மாவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்தவர்; மின் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் 1982-இல் குடும்பத் தொழிலுக்கு வந்து, எந்தப் பண்டம் எவ்வளவு விற்றது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்தார். மாமனாரின் கைமணத்துக்கு மருமகளின் கணக்குத் துணை சேர்ந்தது. ஒரு கடை இரண்டாயிரத்துக்கு மேல் பெருகியது இதனால்தான் என்பது என் கட்சி.

1987-இல் ஆண்டி காவோ என்ற சமையற்காரர் அவர்களுக்காக ஆரஞ்சுக் கோழியை ஆக்கினார். பொரித்த துண்டுகளை இனிப்பும் புளிப்பும் காரமுமான பாகில் புரட்டியெடுப்பது. அங்கே அதிகம் விற்பது அதுதான். "இது சீனச் சாப்பாடே அல்ல" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்புப் பிடிக்கவில்லை. வாசற்கதவை அடைத்த வீட்டில் அடுக்களை வழியாக நுழைந்தவர்கள், வீட்டுக்காரர் நாக்குக்கேற்பச் சமைத்தார்கள். அந்த நாக்குக்குத்தான் காவோவும் சமைத்தார். தவிர, யாங்ஜோ நகரின் பேர் சொல்லும் பண்டம் வறுத்த சோறு. அதுவும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், ஆரஞ்சுக் கோழியோடு கூடவே இருக்கிறது.